மாவு பொங்குற வீடு

தம்பி, அந்தப் பையக் கொஞ்சம் அந்தப் பக்கமா வச்சுக்கிடுங்க. இடிச்சிரக் கூடாது. நீங்க இடிச்சீங்கன்னு சொல்லல, இடிக்கக் கூடாதுன்னு சொல்லுதேன். என் மடியில இருக்கது லேசுல அமுங்கிப் போற சாமான். என்னன்னு பெறவு சொல்லுதேன். பஸ்ஸு வால்தம்ஸ்டோ போய்ச்சேர நேரம் கெடக்கு, சனிக்கிழமைக் கூட்டம் வேற. நீங்களும் அங்கனதான் இறங்குதீங்களா? நல்லதாப் போச்சு.

நீங்க போன்ல பேசிக்கிட்டு வந்தது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கல. பஸ்ஸுல தமிழ் கேட்டா காது தானாத் திரும்பிருது, நான் என்ன செய்ய. புதுசா வீடு வாங்கிருக்கீங்க. பழைய காலத்து வீடு. பாய்லர் பழசு, கேஸு தண்ணியா ஓடுது, ஆனா குளிரு போகலன்னு சொன்னீங்க. வீட்டுக்காரிகிட்டயா பேசினீங்க? சரிதான். அவுக என்ன சொன்னாக, பாய்லர மாத்தச் சொன்னாகளா? மாத்தாதீங்க. உங்க பாய்லர்ல ஒரு கோளாறும் இருக்காது. கோளாறு பூரா வீட்டுலதான் இருக்கும்.

என் பேரு பரமகுரு. சொந்த ஊரு கோவில்பட்டி. இங்க லண்டன்ல, ஈஸ்ட்ஹாம்ல வீடு. தபால் பிரிக்கிற இடத்துல வேல பாத்து ரிட்டயர் ஆனவன். ஆனா வீட்டுச் சூடு விஷயத்துல இந்த ஏரியாவுல என்ன விட்டா ஆள் கிடையாது. இத நானாச் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவங்க யாரும் சொல்லல, அதனால சொல்லுதேன்.

எல்லாம் ஒரு பனியில ஆரம்பிச்சது. போன குளிர்காலத்துல ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாக்கேன், தெருவே வெள்ளையாக் கெடக்கு. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலயும் பனி மொத்தமா நிக்கு. எங்க வீட்டுக் கூரை மட்டும் கருப்பா, ஈரமா, சொட்டுச் சொட்டா ஒழுகிக்கிட்டு இருக்கு. நான் என்ன நெனச்சேன், சாமி நமக்கு மட்டும் ஏதோ சலுகை காட்டிருக்காருன்னு நெனச்சேன். எதிர்வீட்டுல தவசிமணின்னு ஒருத்தர். சாத்தூர்க்காரர், நம்ம கோயில் கமிட்டியில செக்ரட்டரி. வாசல்ல பனியத் தள்ளிக்கிட்டே அண்ணாந்து எங்க கூரையப் பாக்காரு. "என்ன பரமகுரு, உங்க வீட்டுல மட்டும் பனி நிக்க மாட்டேங்கு? சூடெல்லாம் கூரை வழியாப் போகுதுல்லா"ன்னாரு.

அதோட விட்டாரா. ஞாயித்துக்கிழமை கோயில்ல பூசை முடிஞ்சு எல்லாரும் உக்காந்து இட்லி சாப்பிடுதோம். அப்பச் சொல்லுதாரு, "நாமெல்லாம் வீட்டுக்குள்ள சூடு வைக்கோம், பரமகுரு வானத்துக்குச் சூடு வைக்காரு"ன்னு. வாயில இட்லிய வச்சிக்கிட்டு அத்தன பேரும் சிரிக்காங்க. அந்த இட்லி யாரு அவிச்சது? என் வீட்டுக்காரி செம்பகம் அவிச்சது. எங்க இட்லியத் தின்னுக்கிட்டே எங்க கூரையப் பாத்துச் சிரிக்கு ஊரு. எனக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். அடுத்த பனிக்கு எங்க கூரைதான் தெருவுலேயே வெள்ளையா இருக்கணும்.

வீடியோவாப் பாத்துத் தள்ளினேன். ஒரு வெள்ளக்காரன் போடுதான், தாடி வச்சவன், அருமையான மனுசன். அவன்கிட்ட நான் படிச்சது ஒண்ணே ஒண்ணுதான். சூட்ட உண்டாக்குறது பெரிசில்ல, உண்டான சூட்ட ஓட விடாமப் பிடிக்கணும். பாய்லர் பாவம், அது பாட்டுக்கு எரியுது. நாமதான் ஓட்டை வழியா விட்டுட்டு அதத் திட்டுதோம்.

சூடு மேல ஏறிப் போகாம இருக்கக் கூரைக்கு அடியில ஏறிக் கண்ணாடி நார்ப் பஞ்சுச் சுருளு விரிச்சேன். உடம்பெல்லாம் அரிப்பு, சாம்பாரக் கொட்டினாப்புல சிவந்துபோச்சு. செம்பகம்தான் தேங்காண்ணெய் தேச்சு விட்டா. பெறவு ரேடியேட்டர், பாய்லர் வெந்நி உள்ள ஓடி ரூமச் சூடாக்குற இரும்புப் பலகை. மேல சூடில்லாமக் கீழ மட்டும் சுட்டுச்சுன்னா உள்ள காத்து அடைச்சிருக்குன்னு அர்த்தம். ஓரத்துல ஒரு சின்னத் திருகு இருக்கும், அதுக்குன்னு குட்டிச் சாவி விக்கான். பாய்லர நிறுத்தி, ஆற விட்டு, மெதுவாத் திருகணும். உஸ்ஸுன்னு காத்து வரும். தண்ணி வந்ததும் டக்குன்னு மூடிரணும். நான் மொத நாளு டக்குன்னு மூடல. கருப்புத் தண்ணி பீச்சி அடிச்சு, கோயிலுக்குப் போட்டுக்கிட்டுப் போக வச்சிருந்த வேட்டி போச்சு. நீங்க பழைய துணி ஒண்ண வச்சுக்கிடுங்க.

வெளிச்செவுத்துல இருக்க ரேடியேட்டருக்குப் பின்னாடி வெள்ளித்தாள் ஒட்டினேன், சூடு செவுத்துக்குப் போகாம வீட்டுக்குள்ள திரும்பும். செம்பகம் இட்லி பொட்டலம் கட்ட வச்சிருந்த சுருள் பூரா அதுலயே தீந்துபோச்சு. கதவுக்கு அடியில சந்து. அதுக்கு அவ பழைய சுங்குடிச் சேலையக் கிழிச்சு, பஞ்சு அடைச்சு, நீளமாப் பாம்பு மாதிரி தச்சுப் போட்டேன். "அது எங்க அம்மா எடுத்துக் குடுத்த சேலைங்க"ன்னா. "பத்திரமாத்தான இருக்கு, தினமும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்"னேன். கிழிஞ்ச ஓரத்தத் தடவிப் பாத்துட்டு அடுக்களைக்குப் போயிட்டா. அவளுக்குச் சந்தோசம்னு வச்சுக்கிட்டேன்.

அப்புறம் தெர்மோஸ்டாட். வீட்டுல எவ்வளவு சூடு வேணும்னு திருகி வைக்கிற வட்டம், உங்க வீட்டுலயும் இருக்கும். அத நான் வைக்க வேண்டிய இடத்துல வச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் பெட்டி மாட்டிப் பூட்டிட்டேன். சாவி என் அரைஞாண் கயித்துல. சந்தேகப்பட்டுப் பூட்டல. மனுசன் கைதானே, சும்மா இருக்காதுல்லா.

குளிருதுன்னு செம்பகம் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவ குணம் அப்படி. சேலைக்கு மேல ரெண்டு சுவெட்டர், கால்ல சாக்ஸ், தலையில குல்லா, அவ பாட்டுக்கு வேலையப் பாப்பா. மத்தியானம் ஆனா தவசிமணி வீட்டுக்குப் போய் அந்தம்மாகூட உக்காந்துருவா. சாயங்காலம்தான் வருவா. ரெண்டு பேருக்கும் அப்படி என்ன பேச்சு தீராம இருக்கோன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கும். வீட்டுக்கு வாறவங்களும் முன்ன மாதிரி ரொம்ப நேரம் உக்காந்து கழுத்தறுக்கது கிடையாது. கோட்டக் கூடக் கழட்டாம, ரெண்டு வார்த்தை பேசிட்டு எந்திரிச்சிருதாங்க. சூட்டச் சிக்கனம் பிடிச்சா இப்படி நேரமும் மிச்சமாகும், அத எந்த வீடியோவுலயும் சொல்லல.

இப்பத்தான் முக்கியமான விசயத்துக்கு வாறேன். உங்க வீட்டுல வெந்நித் தொட்டி இருக்கா? பழைய வீடுன்னா இருக்கும். எங்க வீட்டுல மாடியில, படுக்கிற ரூமுக்கும் குளிக்கிற ரூமுக்கும் நடுவுல ஒரு அலமாரி. அதுக்குள்ள ஆள் உசரத்துக்கு ஒரு செம்புத் தொட்டி. கீழ பாய்லர் சூடாக்குற தண்ணி இதுல வந்து நிக்கும். அந்தத் தண்ணிச் சூட்டக் கொறைக்கக் கூடாது, கொறச்சா கிருமி வரும், அது எனக்குத் தெரியும். ஆனா அந்தத் தொட்டி எப்படி நிக்கு? மேல ஒரு துணி கிடையாது, அம்மணமா நிக்கு. அலமாரியத் தொறந்தா குப்புன்னு அடுப்படி மாதிரி அடிக்கும். அவ்வளவும் வீண். யாருக்கும் பிரயோசனம் இல்லாம ஒரு அலமாரியச் சூடாக்கிக்கிட்டு இருந்திருக்கோம், இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து.

அந்த அலமாரிக்குள்ளதான் செம்பகம் துண்டு, உள்பாவாடை, ராத்திரியானா மாவுச் சட்டி எல்லாத்தையும் வைப்பா. அத்தன பெரிய வீட்டுல வேற இடமே இல்லாத மாதிரி. நான் எத்தனயோ தடவ சத்தம் போட்டிருக்கேன்.

தொட்டிக்குன்னே கோட்டு விக்கான் தம்பி. சிவப்புக் கலர், உள்ள பஞ்சு வச்சு மெத்தை மாதிரி இருக்கும். இதோ, என் மடியில இந்தச் சட்டியச் சுத்திருக்கே, இதேதான். சொல்லுதேன், அவசரப்படாதீங்க. ஐப்பசி மாசம் அந்தக் கோட்ட வாங்கிட்டு வந்து தொட்டிக்குப் போட்டு, வார்ப்பட்டைய இழுத்துக் கட்டினேன். குழாய்க்கெல்லாம் நுரை உறை போட்டேன். மறுநாளு அலமாரிக்குள்ள கைய விட்டுப் பாத்தேன். ஜில்லுன்னு இருந்துச்சு. அந்தச் சந்தோசத்த எப்படிச் சொல்ல. ஒரு பொட்டுச் சூடு வெளிய வரல. செம்பகத்தக் கூப்பிட்டுக் காட்டலாம்னு பாத்தேன், அவ எதிர்வீட்டுல இருந்தா. பெறவு அவளும் கோட்டப் பாத்திருப்பா, நான் போட்ட பஞ்சோட பஞ்சுன்னு விட்டிருப்பா, ரெண்டு சுவெட்டருக்குள்ள இருக்கவளுக்கு அலமாரி ஜில்லுன்னு இருக்கது எங்க தெரியும்.

இதுக்கு நடுவுல வீட்டுல வேற ஒரு பிரச்சினை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ஆனாலும் சொல்லுதேன். செம்பகத்துக்கு மாவு பொங்காமப் போச்சு.

சிரிக்காதீங்க. உங்களுக்கு எந்த ஊரு? திருச்சியா. அப்பத் தெரியும். அரைச்ச மாவுல உப்பப் போட்டுக் கையாலதான் கரைக்கணும். கரண்டி விட்டாப் பொங்காது. அதுவும் எல்லாக் கைக்கும் பொங்காது. எங்க குடும்பத்துல செம்பகத்துக் கைன்னா தனி. கல்யாணமாகி வந்த புதுசுல எங்க அம்மாவே, "இனிமே இவளே கரைக்கட்டும்"னு ஒதுங்கிட்டாக. லண்டன் வந்தும் அந்தக் கை ஏமாத்தினதில்ல. ராத்திரி கரைச்சு வச்சா காலையில சட்டி மூடியத் தள்ளிக்கிட்டு நிக்கும். மார்கழி மாசம் கோயில்ல ஞாயித்துக்கிழமை இட்லி அவ பொறுப்பு, யாரும் வாயத் தொறக்க முடியாது. அதுதான் அவளுக்கு இந்த ஊர்ல இருக்க பேரு. எனக்காவது வேலை, சம்பளம்னு ஒண்ணு இருந்துச்சு. அவளுக்கு இட்லிதான்.

அந்தக் கை ஐப்பசிக்குப் பெறவு கவுத்திருச்சு. காலையில எந்திரிச்சுப் பாத்தா, ராத்திரி எப்படி வச்சாளோ அப்படியே கெடக்கு. ஒரு குமிழி இல்ல. அவிச்சா வட்ட வட்டமாக் கல்லு. மொத நாளு உளுந்து பழசுன்னா. நான் அந்த உளுந்துப் பையத் தூக்கிக்கிட்டு மளிகைக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். அந்த ஆளு தலையில அடிச்சுக்கிட்டு வேற பாக்கெட் குடுத்தான். அதுலயும் பொங்கல. அரிசிய மாத்தினா. வெந்தயம் கூடப் போட்டா. தண்ணியக் கூட்டினா, கொறச்சா. ஒண்ணும் நடக்கல.

பெறவு கண்ணுன்னு முடிவு பண்ணினா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. இத்தன வருசமா ஊரே தின்னு தின்னு பாத்திருக்கே, கண்ணு படாம இருக்குமா. மாவுச் சட்டிய நடுவீட்டுல வச்சு, மொளகா, உப்பு எல்லாம் எடுத்துச் சுத்தி, அடுப்புல போட்டா. புகை போனதுதான் தாமதம், மேல கூரையில இருக்க புகை மணி கத்த ஆரம்பிச்சிருச்சு. பக்கத்து வீட்டு வெள்ளக்காரம்மா கதவத் தட்டுதா. ரெண்டு பேரும் இருமுதோம். செம்பகம் ஓடிப்போய் வாசக்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டுட்டா. என் கண்ணுக்கு முன்னாடி அத்தன சூடும் தெருவுல போகுது. அன்னைக்குக் கொஞ்சம் கூடுதலாத் திட்டிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி அழுதா தம்பி. "என் கை செத்துப்போச்சுங்க"ன்னு சொல்லி, வலது கையப் பாத்துப் பாத்து அழுதா. எனக்கு மனசு கேக்கல. ஆறுதல் சொல்லணும்ல. "அப்படி இல்ல செம்பகம், உனக்கும் வயசாகுதுல்லா, ரத்த ஓட்டம் கொறைய கைச்சூடும் கொறஞ்சிருக்கும், இயற்கைதான்"னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். உடனே அழுகைய நிறுத்திட்டா. அப்படியே செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா. நாம சொன்னது மனசுல இறங்கிருச்சுன்னு நானும் நிம்மதியாத் தூங்கினேன்.

மார்கழி மொத ஞாயிறு கோயிலுக்கு இட்லி கொண்டு போனோம். ஆனா தட்டுத் தட்டா மிச்சம் கெடந்துச்சு. சின்னப்பிள்ளைக கடிச்சுப் பாத்துட்டு அம்மாகிட்டக் குடுக்குதுக. மறு வாரம் கமிட்டியில இருந்து போன் வந்துச்சு. "அக்காவுக்கு எதுக்குச் சிரமம், இந்த வாரம் உப்புமா கிண்டிக்கிடுதோம்"னாக. உப்புமா தம்பி. செம்பகம் இருக்கிற கோயில்ல உப்புமா. அவ போன வச்சிட்டு, அடுக்களையில கிரைண்டரத் தொடச்சு, துணியப் போட்டு மூடினா. "நான் ஊருக்குப் போயிருதேங்க. இங்க எனக்கு இனிமே என்ன இருக்கு"ன்னா. விளையாட்டுக்குச் சொல்லல. குரல்ல கோவமும் இல்ல. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு.

பஸ்ஸு எதுக்கு இப்படி உறுமுது? பிரேக் போடுறதா இருந்தா மெதுவாப் போடச் சொல்லுங்க அந்த ஆள. சரி, சரி, நிக்கத்தான் செய்யுதான்.

அந்த வாரத்துலதான் நான் காத்துக்கிட்டு இருந்த நாளு வந்துச்சு. பனி கொட்டுச்சு. விடியக் காலம் ஓடிப்போய்த் தெருவுல நின்னு அண்ணாந்து பாத்தேன். எங்க கூரை பூரா வெள்ளை. தவசிமணி வீட்டுல கூட அங்கங்க திட்டுத் திட்டாக் கரைஞ்சிருக்கு, எங்க வீட்டுல ஒரு கீறல் இல்ல. போட்டோ எடுத்துக் கோயில் வாட்ஸப் குரூப்புல போட்டேன். தவசிமணியால வீட்டுல இருக்க முடியல, நேர்லயே வந்துட்டாரு. "பரமகுரு, என்னதான் செஞ்சீங்க, காட்டுங்க"ன்னாரு. இந்த வார்த்தைக்கு நான் ஒரு வருசம் காத்துக் கெடந்தேன் தம்பி.

ஒண்ணு விடாமக் காட்டினேன். பஞ்சு, வெள்ளித்தாள், சேலைப்பாம்பு, பூட்டு. கடைசியா மாடிக்குக் கூட்டிட்டுப் போய் அலமாரியத் தொறந்தேன். "அண்ணாச்சி, உள்ள கைய விடுங்க. முன்னாடி இதுக்குள்ள கைய வச்சா வெந்திரும். அத்தன சூடு இதுக்குள்ள வீணாக் கெடந்துச்சு. இப்பப் பாருங்க"ன்னேன். அவரு கைய விட்டுட்டு, "அட, பிரிட்ஜ் மாதிரில்லா இருக்கு. இது என்ன சட்டி?"ன்னாரு. "அது மாவு. தள்ளி வச்சிட்டு நல்லா உள்ள விடுங்க"ன்னேன்.

திரும்பினா செம்பகம் நிக்கா. கையில ரெண்டு டம்ளர் காப்பி.

"எப்ப இருந்து?"ன்னா.

"எது எப்ப இருந்து?"

"இந்த அலமாரி எப்ப இருந்து ஜில்லுன்னு இருக்கு?"

"ஐப்பசியில இருந்து. கோட்டுப் போட்டதுல இருந்து"ன்னு பெருமையாத்தான் சொன்னேன்.

அவ ஒரு டம்ளரத் தவசிமணிகிட்டக் குடுத்தா. இன்னொரு டம்ளரக் குளிக்கிற ரூம் தொட்டியில கொட்டினா. அது என் காப்பி. பெறவு வந்து, தொட்டிக் கோட்டத் தொட்டுப் பாத்தா. மாவுச் சட்டி மூடியத் தொறந்து பாத்தா. கடைசியாத் தன் கையப் பாத்தா, முன்னயும் பின்னயும் திருப்பி. தவசிமணி காப்பியக் கையிலயே வச்சிக்கிட்டு மெதுவாப் படியிறங்கிப் போயிட்டாரு. டம்ளர இன்னும் திருப்பித் தரல.

"மாவு போனாப் போகுது. என் கையச் சொன்னீங்கள்லா"ன்னா. "நானும் நம்பினேன்லா."

நான் என்ன சொன்னேன்? ஆறுதல்தான சொன்னேன். சரி, மாவு பொங்காத கோவத்துல ஏதோ பேசுதான்னு விட்டேன். அவ பெட்டிய எடுத்துத் துணிய அடுக்குதா. "எங்க போற?"ன்னேன். "மாவு பொங்குற வீட்டுக்கு"ன்னா. வால்தம்ஸ்டோவுல அவ தங்கச்சி கோமு இருக்கா. அந்த வீட்டுத் தொட்டிக்குக் கோட்டு கிடையாது. கூரையில பனி ஒரு நாளும் தங்கினது கிடையாது. அங்க போயிட்டா.

நீங்களே சொல்லுங்க, வீட்ட ஒழுங்கா வச்சதுக்கா ஒருத்தி கோவிச்சுக்கிட்டுப் போவா? அவளுக்கு மாவுதான் பிரச்சினை. வேற ஒண்ணும் இல்ல. மாவு பொங்கிட்டா வந்துருவா. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

அவ போன பெறவு ஒரு நாளு காலையில வழக்கம்போல கேஸ் மீட்டரப் பாக்கப் போனேன். முந்தின நாளு எங்க நின்னுச்சோ கிட்டத்தட்ட அங்கேயே நிக்கு. வீட்டுல சமையல் இல்ல, கதவு தொறந்து மூட ஆளில்ல, வெந்நி எடுக்க ஆளில்ல. அந்த வெள்ளக்காரன் வீடியோவுல கூட இப்படி ஒரு வீடு கிடையாது. நான் ஆசைப்பட்டது இதுதான. தவசிமணிகிட்டச் சொல்லலாம்னு போன எடுத்தேன், எடுத்துட்டு வச்சிட்டேன். நடுவீட்டுல வந்து நின்னேன். கதவடியில சுங்குடிச் சேலை சுருண்டு கெடக்கு. அவ அம்மா எடுத்துக் குடுத்த சேலை. அதப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நாளும் எனக்கு அந்த வீட்டுல அப்படிக் குளிரினதில்ல. சேலையப் பிரிச்சு, பஞ்ச எடுத்துட்டு, கையாலயே தொவச்சுக் காயப் போட்டேன். ரெண்டாக் கிழிச்சதுதான், ஒட்டுப் போட்டுத் தைக்கலாம்னு இருக்கேன்.

பெறவு மாடிக்குப் போய்த் தொட்டிக் கோட்டக் கழட்டினேன். தப்புன்னு கழட்டல. கோட்டு சரியான கோட்டுதான், இப்பவும் சொல்லுதேன். சும்மா ஒரு சோதனைக்குக் கழட்டினேன்.

அரிசியும் உளுந்தும் எவ்வளவு போடணும்னு எனக்கு எங்க தெரியும். கோமுவுக்குப் போன் போட்டேன். "யாருக்கு அத்தான், உங்களுக்கா? நீங்களா அரைக்கப் போறீங்க?"ன்னு சிரிச்சா. "அக்காகிட்டச் சொல்லிராத. கோட்டக் கழட்டினதையும் சொல்லாத"ன்னேன். பக்கத்துல யாரோ சிரிப்ப அடக்குற மாதிரி ஒரு சத்தம். டிவியா இருக்கும். கோமு ஒவ்வொண்ணாச் சொன்னா, ஆனா நடுநடுவுல நிறுத்தி நிறுத்திச் சொன்னா. யாரோ எடுத்துக் குடுத்துச் சொல்லுத மாதிரி. கோமு எப்பவும் கொஞ்சம் மறதிக்காரிதான்.

ஊற வச்சு, கிரைண்டர் துணிய எடுத்து, அரைச்சு, உப்பப் போட்டு இந்தக் கையால கரைச்சேன். தம்பி, நீங்க என்னைக்காவது குளிர்காலத்துல மாவு கரைச்சிருக்கீங்களா? எலும்பு வரைக்கும் குளிரு ஏறுது. விரல் நீட்ட முடியல. இத்தன வருசமா அவ தினம் ராத்திரி இதச் செஞ்சிருக்கா, நான் பக்கத்து ரூமுல டிவி பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ஒரு நாளாவது குளிருதுன்னு சொல்லிருக்கலாம்ல. சொன்னாத்தான நமக்குத் தெரியும்.

அலமாரிக்குள்ள வச்சேன். காலையில பாக்கேன், மூடியத் தூக்கிக்கிட்டு நிக்கு. பொங்கிட்டு தம்பி. என் கைக்கே பொங்கிட்டு. என் கைக்கே பொங்கும்னா அவ கைக்கு எப்படிப் பொங்கும், அதத்தான் அவகிட்டச் சொல்லணும்னு இருக்கேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். "போட்டோவுல எல்லா மாவும் பொங்கும்"னு ஒரு வரி பதில் வந்துச்சு. அதான் நேர்லயே கொண்டு போறேன், இந்தப் பஸ்ஸுல வாறேன்னு கோமுகிட்ட மட்டும் சொல்லிருக்கேன். இந்தச் சட்டிதான். வழியில சூடு போயிரக் கூடாதுன்னு தொட்டிக் கோட்டையே இதுக்குச் சுத்திட்டேன். கோட்டு வீணாப் போகல பாத்தீங்களா. பொங்கினது பொங்கினபடி அவ கண்ணு முன்னாடி தொறக்கணும். அதுதான் சாட்சி. அதனாலதான் ஏறினதுல இருந்து இடிக்காதீங்க, இடிக்காதீங்கன்னு உயிர விட்டுக்கிட்டு இருக்கேன்.

ஐயோ.

பிடிங்க தம்பி, பிடிங்க. என்ன பிரேக் போடுதான் இந்த மனுசன். சைக்கிள்காரன் குறுக்க வந்தா இப்படியா. இருங்க, தொறந்து பாக்கேன்.

போச்சு. அமுங்கிட்டு. பாதிக்கு இறங்கிட்டு பாருங்க. இப்ப இதக் காட்டினா யாரு நம்புவா. இதப் பாத்தா பொங்காத மாவு மாதிரிதான இருக்கு. இவ்வளவு தூரம் நெஞ்சுல வச்சுக் கொண்டாந்தேனே.

என்ன சொல்லுதீங்க? ஓரத்துலயா? ஆமா. கழுத்து வரைக்கும் ஏறி நின்ன கோடு தெரியுது. மூடியிலயும் ஒட்டிருக்கு. அவ பாத்தா கண்டுபிடிச்சிருவா, அவளுக்கு ஒரு விரல் போதும். நல்ல வேளை நீங்க பாத்தீங்க. உங்களுக்கு நல்ல கண்ணு.

உங்க வீட்டு விசயத்த மறந்துராதீங்க. பஞ்சு போடுங்க. வெள்ளித்தாள் ஒட்டுங்க. ரேடியேட்டர்ல காத்த எடுங்க. பாய்லர மாத்தாதீங்க. அந்த அலமாரிய மட்டும் இப்போதைக்கு ஒண்ணும் செய்யாதீங்க. வீட்டுக்காரி அதுல என்ன வைக்காகன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க. நான் தப்புன்னு சொல்லல. சும்மா கேட்டுக்கிடுங்க.

இதுதான் நம்ம ஸ்டாப்பு. கண்ணாடில்லாம் ஆவி படிஞ்சிருக்கு, கொஞ்சம் தொடைங்க. அங்கன யாரு நிக்கா? மஞ்சள் சுவெட்டர். செம்பகம் மாதிரில்லா இருக்கு. செம்பகம்தான். நான் வாறது இவளுக்கு எப்படித் தெரியும், அக்காகிட்டச் சொல்லாதன்னு கோமுகிட்ட அத்தன தடவ சொன்னேனே. கோட்டுக் கூடப் போடாம நிக்கா பாருங்க இந்தக் குளிருல.

கையில என்ன அது? பெட்டி. பெட்டியோடயா நிக்கா, நம்ம வீட்டுக்கு வாறதுக்கா?

மாவ இன்னும் பாக்கவே இல்லையே தம்பி அவ.

அந்தப் பெல்லக் கொஞ்சம் அமுக்குங்க. எனக்கு ரெண்டு கையும் ஒழியல.